ஆறுதல்விளையில் காலிக் குடங்கள் பாடிய வருஷம்

ஆறுதல்விளையில் மழை பெய்யாத மூன்றாவது வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி வாக்கில், தண்ணீர் லாரிக்காக ரோட்டோரம் வரிசையாக வைத்திருந்த அத்தனை காலிக் குடங்களும் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடங்கள் மூக்கால் பாடுவதுபோல இழுத்து இழுத்துப் பாடின. எவர்சில்வர் குடங்கள் மேல் ஸ்தாயியில் பாடின. யார் யாருக்கோ கல்யாணச் சீராக வந்திருந்த பித்தளைக் குடங்கள் அடித்தொண்டையில் பாடின. வடக்குத் தெரு மாரிசெல்வி கொண்டுவந்து வைத்திருந்த ஒரே ஒரு மண்குடம் இவை எல்லாவற்றுக்கும் நடுவில், யாருக்கும் வலிக்காமல் தலை கோதிவிடுகிற கை மாதிரி மெதுவாகப் பாடியது. வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடம் எதுவானாலும் குரல் ஒன்றுதான், அது யாருடைய குரல் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"இது ஞானசொர்ணம் அக்கா கொரலுல்லா," என்றாள் மாரிசெல்வி.

"அவுகதான்," என்றார்கள் மற்றவர்கள். சற்று நேரத்தில் லாரி வந்தது. டிரைவர் சுடலைமுத்து இஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து, பாட்டு முடியட்டும், பிறகு தண்ணீர் பிடிக்கலாம் என்று சொல்லி, பீடி பற்றவைக்காமலேயே அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

ஞானசொர்ணம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதிலிருந்து ஊர் வேதக்கோயிலின் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையதுதான். கல்யாண வீட்டிலும் அவள்தான் பாடினாள், துட்டி வீட்டிலும் அவள்தான் பாடினாள். பிரசவ வலியில் கிடந்த பெண்கள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், சபையில் சேராத வடக்குத் தெருக்காரர்கள்கூடப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு ஞானசொர்ணத்தை ஒரு பாட்டு பாடச் சொல்வார்கள். அவள் புருஷன் எலியாசர் கொத்தனார். அவனும் குழுவில் நின்று அடித்தொண்டையில் பாடுவான். எப்போதும் அரைத் தாளம் பிந்தியே பாடுவான். ஆர்மோனியப் பெட்டியைத் தூக்குவதற்கு அவனை விட்டால் ஆள் இல்லாததால் அவனை யாரும் குழுவிலிருந்து எடுக்கவில்லை.

மழை பொய்த்த முதல் வருஷத்தில், ஊருக்கு மேற்கே இருந்த கிணற்றை இன்னும் ஆழப்படுத்த இறங்கிய எலியாசர், பக்கச்சுவர் சரிந்து, மண்ணுக்குள்ளேயே போய்விட்டான். தோண்டி எடுத்து அடக்கம் பண்ணின அன்று ஞானசொர்ணம் அழவில்லை. தானே நின்று, இருவருமாகக் கல்யாணமான புதிதில் கட்டிய பாட்டை முழுவதும் பாடினாள். 'காய்ந்த காட்டிலே கைநீட்டி வந்தவரே, கல்லுக்குள்ளே எனக்குக் காலையை வைத்தவரே' என்று அது ஆரம்பிக்கும். ஊர் அழுதது. எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. கழுத்தில் குறுக்காக ஒரு தழும்போடும், கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடும் அவள் ஊருக்குத் திரும்பி வந்தாள். சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இடத்திலேயே நின்று உதட்டை மட்டும் அசைப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் குடங்கள் அந்தப் பாட்டையே பாடின. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு தடவை. தண்ணீர் விழுந்த உடனே குடம் பாட்டை நிறுத்திவிடும்; பாதி நிரம்பிய குடம் வரியைப் பாதியில் முழுங்கிவிடும். காலிக் குடம்தான் பாடும்.

காலிக் குடம் எதிரே வந்தால் போகிற காரியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற ஊர் அது. ஒரு மாதத்துக்குள் அந்தப் பழக்கம் தலைகீழானது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காலிக் குடத்தோடு ஒரு ஆளை முன்னால் நடக்கவிட்டார்கள். வடக்குத் தெருவில் நுரையீரல் கெட்டு, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்த பேச்சியப்பன் தன் தலைமாட்டில் ஒரு காலிக் குடத்தை வைக்கச் சொன்னார். வைத்த ஏழாம் நாள் சாயங்காலம், பாட்டு முடிகிறவரை இருந்து கேட்டுவிட்டு, முகம் கோணாமல் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் வரிசையில் முதல் இடத்துக்காகத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள், "நீங்க மொதல்ல புடிங்க," "இல்ல, நீங்க புடிங்க, எனக்கு இன்னும் ரெண்டு வரி கெடக்கு," என்று ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு குடத் தண்ணீரில் நாலு பேர் வாழ்ந்த காலம் அது. கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போனார்கள். ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். இருந்தாலும் காலை பத்து மணிக்கு அந்த ஊரில் நின்ற எவரும் அதைப் பாழாய்ப்போன ஊர் என்று சொல்லியிருக்க முடியாது.

சபையின் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஜெபசிங் ஐயருக்கு முப்பத்தோரு வயது, ஆறுதல்விளைதான் முதல் ஊர். மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், வேதத்தில் ஒரு கழுதை பேசியிருக்கிறது, ஆகவே குடம் பாடுவதைத் தடுக்கத் தனக்கு முகாந்திரம் இல்லை என்று அறிவித்தார். அதற்கடுத்த வாரம் ஆளுக்கொரு காலிக் குடத்தோடு கோயிலுக்கு வந்து, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார்கள். ஞானசொர்ணம் குழுவில் நின்று உதட்டை அசைத்தாள். குடங்கள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுநாளில் குடங்களும் ஓய்ந்திருக்கின்றன என்று ஊர் அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் கேட்காதவள் ஊரில் ஒருத்திதான். அது ஞானசொர்ணம். லாரி வரும் நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்து அடுப்படியில் இருப்பாள். அங்கே இருந்த அண்டாக்களில் உலையோ சோறோ எப்போதும் இருக்கும். வீட்டில் காலிக் குடமே கிடையாது. பாடிக்கொடுக்கிறவளுடைய குடத்தை முதலில் நிரப்புவதுதான் மரியாதை என்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் யாராவது ஒருத்தி தன் பங்கிலிருந்து ஊற்றி, மூடி போட்டு வைத்துவிட்டுப் போயிருப்பாள். அதனால் குடம் பாடுகிறது என்று அவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, தன்னைத் தேற்றுவதற்காக எல்லாரும் சேர்ந்து ஒரு கதை கட்டியிருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள்.

தவிர, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அவள் பாடவே இல்லை. காலை பத்து மணிக்கு அவள் வெங்காயம் நறுக்குவாள். வெங்காயம் நறுக்குகிறவள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பதால், எலியாசருக்காக அடக்கத்தன்று அழாததையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் அழுவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, கதவைச் சாத்தி, காது அடையத் தலையணையில் முகம் புதைத்து, அவன் வேலை முடிந்து சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் இன்னொரு தடவை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். ஜெபம் என்று முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வராது. சந்தோஷமாகப் பாடி ஊரையே தாங்குகிறாய் என்று ஊர் அவளைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடியபோது, திருடின நகையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

லெந்து என்கிற நோன்பு நாட்கள் ஆரம்பித்த வாரத்தில் அவளால் பொறுக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி, அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசியுங்கள் என்று மேலே எழுதியிருந்தாள். கீழே இப்படி இருந்தது: 'குடத்தில் பாடுவது நான் இல்லை. எலியாசர் போனதிலிருந்து எனக்குள் பாட்டு இல்லை. ஜெபமும் இல்லை. நான் அழுகிறேன், அவ்வளவுதான். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னைப் புகழ வேண்டாம். என் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.'

ஜெபசிங் ஐயர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஐயரம்மா கொண்டுவந்த காப்பியை ஞானசொர்ணம் தொடவில்லை.

"நீங்க ஒரு தடவையாவது குடத்துப் பாட்டக் கேட்டிருக்கீங்களாம்மா?" என்றார் ஐயர்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் தெனமும் கேக்கேன். அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பிரசங்கம் பண்ணுதேன், அது வேற. நீங்க போயி ஒரு தடவ கேட்டுட்டு வாங்க. அதுக்குப் பொறவும் இத வாசிக்கணும்னு சொன்னீங்கன்னா, ஒரு எழுத்து விடாம வாசிக்கேன்."

கேட்பதற்குக் காலிக் குடம் வேண்டும். முதல் நாள் தன் குடத்துத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்; பின்பக்கம் போய்த் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு வருவதற்குள் யாரோ நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் நாள் குடத்தைக் கவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். வந்து பார்த்தால், அது கழுவித் துடைத்து, நிரப்பி, மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து அடுப்படியில் இருந்தது. மூன்றாம் நாள் புதன்கிழமை. லாரி வராத நாள், எந்த வீட்டிலும் ஊற்றுவதற்குத் தண்ணீர் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் தன்னிடம் இருந்த கடைசிக் குடத்தை மாரிசெல்வி வீட்டுப் பசுவுக்குத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரும் நிரப்ப முடியாத, யாரும் பார்க்க முடியாத இடத்தைத் தேடி ஊருக்கு மேற்கே நடந்தாள். கால் அவளை அந்தக் கிணற்றுக்கே கூட்டிக்கொண்டு போனது. இரண்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்து, அதன் வாயில் காதை வைத்துக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை உதட்டால் பாடினாள். குடம் சும்மா இருந்தது. மறுபடி பாடினாள். வெயிலில் காய்ந்த குடத்தின் வாசனை வந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். பாசத்தில் சொல்லியிருக்கிறார்கள், பாவம், நல்ல ஜனங்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு மேலே போட்டிருந்த முள்ளெல்லாம் காய்ந்து உள்ளே விழுந்திருந்தது. வறண்ட அடியில், சரிந்த மண்ணிலிருந்து ஒரு மண்வெட்டிக் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் காம்பைப் பிடித்துக் காய்ப்பேறிப்போன உள்ளங்கை அவளுக்கு ஞாபகம் வந்தது. பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை, காரணம் காட்ட வெங்காயமும் இல்லை. சுவரில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். குரல் இல்லாத அழுகை, வெறும் காற்று.

இடுப்பில் இருந்த குடம் அதிர்ந்தது. அது பாட ஆரம்பித்தது. அடுத்த மூச்சில் கிணறு பாட ஆரம்பித்தது. நாற்பத்தைந்து அடி ஆழத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கிணறு, ஊரில் இருந்ததிலேயே பெரிய காலிப் பாத்திரம் அதுதான், அவளுடைய இருபத்திரண்டு வயதுக் குரலில், கட்டி வருவதற்கு முன்னால் இருந்த குரலில், அவள் ஒருபோதும் பாடியிராத அளவு நிறைவாகப் பாடியது. அவள் விக்கினால் அங்கே ஒரு சங்கதி விழுந்தது. அவள் மூச்சை இழுத்தால் அங்கே ஒரு அடி முடிந்து அடுத்தது எடுத்தது. ஆண்டவரே, ஏன் இப்படிச் செய்தீர் என்று அவள் நெஞ்சுக்குள் கேட்டது, அங்கே போய் விழுந்து, கல்லுக்குள்ளே எனக்குக் காலையை வைத்தவரே என்று திரும்பி வந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஜெபமே வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் அழுததெல்லாம் அவர் காதில் இப்படித்தான் விழுந்திருக்கிறது.

அதைக் கேட்டுக்கொண்டே நின்றபோது, அடியிலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்தது. அடித்தொண்டை. அரைத் தாளம் பிந்தி.

மாரிசெல்வி இதே நேரத்தில் தன் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்தாள்; ஊற்றியது ஞானசொர்ணம் என்று தெருப் பிள்ளைகள் சொன்னார்கள். லாரி வராத நாளில், கடைசிக் குடத்தையும் மாட்டுக்குக் கொட்டிவிட்டு ஒருத்தி எங்கே போவாள் என்று நினைத்ததும் அவள் தெருவில் இறங்கித் தேடினாள். யாரோ மேற்கே கை காட்ட, செருப்பு இல்லாமல் அந்தக் கொதிக்கிற மண்ணில் ஓடி வந்து, கிணற்றுக்குள் குனிந்திருந்தவளைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். குடம் உருண்டு ஓடியது, பாடிக்கொண்டே.

"வேண்டாம்க்கா, வேண்டாம். நாங்கள்லாம் இல்லியா? எங்களுக்கு ஆரு இருக்கா?"

ஞானசொர்ணம் அவளை உதறவில்லை. அவள் முகத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தான் சாக வரவில்லை என்று தலையாட்டினாள். பிறகு ஒரு விரலைத் தூக்கி, கேள் என்று கிணற்றைக் காட்டினாள்.

மாரிசெல்வி கேட்டாள். மூச்சு வாங்கியது அடங்க, இன்னும் கேட்டாள்.

"கூட ஆருக்கா பாடுதா? தாளம் ஒதைக்குதே," என்றாள்.

ஞானசொர்ணம் சிரித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவுமில்லை. மாரிசெல்விக்கு யார் என்று புரிந்துவிட்டது. அவளும் எத்தனையோ கல்யாண வீடுகளில் அந்தத் தாளத்தைக் கேட்டவள்தான். வெயில் சாய்கிறவரை இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாசித்தது வேறொரு தாள். 'நான் குடத்துப் பாட்டைக் கேட்டேன். அழுதது நான்தான். பாடினதும் நான்தான் போலிருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குள் துக்கம் இருக்கிறது, போகவில்லை. அதற்கு அடியில் சந்தோஷமும் இருக்கிறது, அதை நான் வைக்கவில்லை, அதனால் என்னால் அதை எடுத்துப்போடவும் முடியாது. தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு வந்தனம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஊற்றாமல் இருங்கள், நானும் கேட்க வேண்டும்.' வாசித்து முடித்துவிட்டு ஐயர் பிரசங்கம் எதுவும் செய்யாமல் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ஞானசொர்ணம் குழுவில் நின்று, எல்லாரும் பார்க்க, பல்லைக் கடிக்காமல் அழுதாள். செருப்பு விடுகிற இடத்தில் இருந்த குடங்கள் முதல்முறையாக ஓய்வுநாளில் பாடின.

அதற்குப் பிறகு அந்த ஊரில் அழுவதற்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. கோடை இன்னும் கடுமையாகத்தான் இருந்தது. இரண்டு பசுக்கள் செத்தன, அதில் ஒன்று மாரிசெல்வியுடையது; ஞானசொர்ணம் போய் அவளோடு உட்கார்ந்து அழுதாள், வடக்குத் தெருக் குடங்கள் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க ஓயவில்லை. ஞானசொர்ணத்தின் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்திருந்தது. அடுப்படியில் பிள்ளைகளுக்கு அகப்பையால் தாளம் போட்டுக் காட்டினாள். ஐயரம்மாவை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டியே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தாள்.

பதினான்காவது மாதம், ஐப்பசி இரண்டாம் வாரம், வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மழை வந்தது.

ஊரில் இருந்த குடம், அண்டா, வாளி, குத்துப்போணி எல்லாம் வாசலுக்கு வந்தன. ஒவ்வொன்றாக நிரம்பின. மேற்கே கிணற்றில் சேற்றுத் தண்ணீர் இறங்குகிற சத்தம் ஊர்வரை கேட்டது. மழை எல்லாரையும் நனைத்து, சிரிக்கவைத்து, ஆடவைத்தது. பிறகு ஐந்து மணியானபோது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஆறுதல்விளையில் காலியான பாத்திரம் என்று ஒன்றுகூட இல்லை.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டும், தார்ப்பாயைப் பத்துப் பேராகப் பிடித்துக்கொண்டும், ஒன்றும் இல்லாமலும், எல்லாரும் ஞானசொர்ணத்தின் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். அவள் தொப்பலாக நனைந்து, வாசலில் தேங்கிய தண்ணீரைத் தென்னந்துடைப்பத்தால் ஓடையில் தள்ளிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. மாரிசெல்வி கிட்டே போய், அவள் கழுத்துத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் அதிரல," என்றாள் பின்னால் நின்றவர்களிடம். பிறகு அவள் உதட்டையே பார்த்தாள். "ஆனா ரெண்டாவது அடிக்கு வந்துட்டாவ."

மாரிசெல்விதான் முதலில் எடுத்தாள், தன் மண்குடம் பாடின மாதிரியே, மெதுவாக. எவர்சில்வர் குடக்காரிகள் மேல் ஸ்தாயியில் சேர்ந்தார்கள். பித்தளைக் குடக்காரிகள் அடித்தொண்டையில் சேர்ந்தார்கள். பிளாஸ்டிக் குடக்காரர்கள், அவர்கள்தான் ஊரில் அதிகம், மூக்கால் இழுத்து இழுத்துப் பாடினார்கள். பதினான்கு மாதம் கேட்டதில் அவர்களுக்கு அந்தப் பாட்டை வேறு எப்படியும் பாடத் தெரியவில்லை. ஞானசொர்ணம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரும்பி நின்று, அத்தனை பேரையும் பார்த்து, வலது கையைத் தூக்கித் தாளம் போட்டாள். மழையில் அவர்கள் கடைசி வரியைப் பாடி முடித்து, கை இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். கை இறங்கவில்லை. அதனால் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்கள்.